விடாக்கண்டனும் கருகலும்

தை பிறந்தால் வழி பிறக்கிறதோ என்னவோ, கலியாணம் பிறக்கும். அதனால் மார்கழி முழுவதும் அச்சகத்தில் எங்களுக்குத் தலை நிமிர நேரமில்லை. மாப்பிள்ளையின் பட்டம் விடுபட்டுப் போச்சு, பெரியப்பாவின் பெயர் சித்தப்பாவுக்குக் கீழே வந்துவிட்டது என்று தொலைபேசி அடித்தபடி இருக்கும். இந்த அமளிக்குள்தான் மஜிக் த கதரிங் என்ற அட்டை விளையாட்டின் அடுத்த தொகுதி, லோர்வின் எக்லிப்ஸ்ட், நாளுக்குக் கொஞ்சமாகத் தன் அட்டைகளை வெளியே காட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு ஜன்னலில் திருமண அழைப்பிதழ், மறு ஜன்னலில் பூதம். முதலாளி பின்னால் வந்து நின்றால் எதை மூடவேண்டும் என்பதில் எனக்கு நல்ல பயிற்சி.

முழு வெளியீடு 2026 ஜனவரி 23. அதற்கு ஒரு கிழமை முன்பு, 16இல் இருந்து, கடைகளில் முன்வெளியீட்டு ஆட்டம். அதாவது பொங்கலுக்கு அடுத்த நாள். கனடாவில், ஸ்காபறோவில் இருக்கிற என் மச்சான் அன்று ஆறு பக்கெற் உடைத்து, அதில் வந்ததைக்கொண்டு நாற்பது அட்டைக் கட்டு ஒன்று கட்டி, முன்பின் தெரியாதவர்களுடன் இரவு வரை விளையாடுவான். நான் இதுவரை என் கையால் பக்கெற் உடைத்தது மூன்றே மூன்று தடவை. ஒரு பெட்டியின் விலை என் சம்பளத்தில் பாதியைத் தாண்டும். அதை வரவழைக்கிற செலவு வேறு. ஒருமுறை அனுப்பிய பொதி நாலு மாதம் கழித்து ஓரம் கிழிந்து, உள்ளே ஈரத்துடன் வந்தது. யாரைக் கேட்பது? அன்றோடு தபாலை விட்டுவிட்டு, ஊருக்கு வருகிற ஆட்களின் கையில் கொடுத்துவிடச் சொல்கிறேன். அவர்கள் கொண்டுவருகிற சொக்கிளேற்றுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே அட்டைக்கு இடம் கிடைப்பது அவரவர் மனதைப் பொறுத்தது.

ஆகவே எங்களுக்கு முன்காட்சிதான் தொகுதி. மற்றவர்கள் முன்காட்சியைப் பார்த்து எதை வாங்கலாம் என்று கணக்குப் போடுவார்கள். இங்கே சேர்ந்து விளையாடுகிற நாங்கள் ஆறு பேர் அதைப் பார்த்து எதை அச்சடிக்கலாம் என்று கணக்குப் போடுகிறோம்.

மஜிக் அட்டையின் அளவு 63க்கு 88 மில்லிமீற்றர். ஏ4 தாளில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கச்சிதமாக உட்காரும். கலியாணக் காட் வெட்டிய பிறகு மிஞ்சுகிற 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போட் துண்டுகளை நான் குப்பைக்குப் போக விடுவதில்லை. அசல் அட்டையைக் கிழித்துப் பார்த்தால் நடுவில் மெல்லிய நீலப் படை ஒன்று தெரியும். எங்களுடையதைக் கிழித்தால் வெள்ளைதான். படம் போடுவதில்லை, அசல் முதுகையும் அடிப்பதில்லை. விற்பதும் இல்லை. பெயர், விலை, என்ன செய்யும், எவ்வளவு பலம், அவ்வளவும் தமிழில். முதலில் ஒரு வில்லங்கம் வந்தது. மிஞ்சின துண்டுகள் சிலவற்றின் முதுகில் தங்க நிறத்தில் அரைப் பிள்ளையார் இருந்தார், சிலவற்றில் "நிகழும் மங்களகரமான" இருந்தது. மருந்துக்கடை அண்ணை இரண்டு ஆட்டத்துக்குள் என் கையில் இருக்கிற மங்களகரம் எது என்று பாடமாக்கிவிட்டார். மூன்றாவது ஆட்டத்தில் நான் எதை இறக்க முன்னமே சிரித்தார். அன்றிலிருந்து பின்பக்கம் தெரியாத கறுப்பு உறைதான்.

லோர்வினுக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. முதல் லோர்வின் தொகுதி வெளிவந்தது 2007 ஒக்டோபர் 12இல். யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 தரைப்பாதை அதற்கு முந்தின வருடம் ஆகஸ்ட்டில் யுத்தத்தால் மூடப்பட்டிருந்தது. எனக்கு அப்போது பதினாலு வயது. சீனியும் சவர்க்காரமும் கப்பலில் வந்த காலம், பொழுதுபடக் கதவைப் பூட்டிவிட்டு இருந்த காலம். அட்டை விளையாட்டு என்றால் எங்களுக்கு 304 மட்டும். பாதை திறந்த பிறகு, 2010இல் நல்லூர்த் திருவிழாவுக்கு மாமி குடும்பமாக வந்தபோது, மச்சான் ஒரு சப்பாத்துப் பெட்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். உள்ளே முந்நூறுக்கு மேல் அட்டைகள். விதிப் புத்தகம் இல்லை. பிளேன்ஸ்வோக்கர் என்ற வகை அட்டை முதன்முதலில் வந்தது லோர்வினில்தான், ஐந்து பேர். பெட்டியில் ஐவரில் ஒருவர்கூட இல்லை. மச்சான் கெட்டிக்காரன்.

நானும் அயல்வீட்டுப் பெடியனும் சொந்தமாக விதி கண்டுபிடித்தோம். அட்டையின் கீழ் மூலையில் 2/2, 3/3 என்று இருந்ததை அந்தப் பிராணியின் பிறந்தநாள் என்று எடுத்தோம். 2/2 பெப்ரவரி 2. வயதில் மூத்தது வெல்லும். இந்தச் சட்டம் ஒரு மாதம் நன்றாகத்தான் ஓடியது, டோரன் என்ற மரத்தின் மூலையில் 0/5 என்று பார்க்கும் வரை. பூச்சியமாம் திகதியில் யார் பிறப்பான்?

பிறகு தெரிந்தது, முதல் எண் அடிக்கிற பலம், மற்றது தாங்குகிற பலம். டோரன் வந்தால் எல்லாரும் தாங்குகிற பலத்தைக்கொண்டே அடிப்பார்கள். அப்பாவுக்கு இதை விளங்கப்படுத்தியபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "304இலை ஜாக்கி ராசாவை விழுத்துது, ஒன்பது ஆஸை விழுத்துது. உதென்ன பெரிய புதினமே?" என்றார். சரிதான். ஜாக்கிக்கு முப்பது, ராசாவுக்கு மூன்று என்று எண்ணி வளர்ந்த ஊருக்கு டோரன் புதியவன் இல்லை.

பெட்டியில் இன்னொரு குழப்பம். பாதி அட்டைகள் பளிச்சென்று வெயிலடித்த மாதிரி இருந்தன, மற்றப் பாதி இருண்டு கிடந்தன. இரண்டு கொம்பனிகளின் அட்டை கலந்துவிட்டது என்றே இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒரே உலகம்தான். லோர்வினில் எப்போதும் பகல். முந்நூறு வருடத்துக்கு ஒருதடவை ஒரு பெரிய ஒளிமாற்றம் வந்து எல்லாரையும் புரட்டிப்போடும், உலகம் ஷாடோமூர் என்ற ஓயாத அந்தியாகிவிடும், முன்னைய வாழ்வு ஒருவருக்கும் நினைவில் இருக்காது. 2007 ஒக்டோபரில் லோர்வின், 2008 பெப்ரவரியில் மோர்னிங்டைட், மே மாதம் ஷாடோமூர், ஜூலையில் ஈவன்டைட். பத்து மாதத்துக்குள் ஒரு ஊர் முழுக்க மாறியது. அழகில்லாதவற்றை வேட்டையாடித் திரிந்த கொம்பு முளைத்த எல்ஃபுகள், இருட்டில் மிஞ்சியிருக்கிற அழகைக் காப்பாற்றப் போராடுகிறவர்கள் ஆனார்கள். சேட்டைக்கார பொகட்டுப் பூதங்கள் கொடூரமாகின. ஃபெயரி என்ற சிறகு முளைத்த சிறுசுகள் மட்டும் மாறவில்லை, அவர்களின் ராணி ஊனாவின் வேலை அது. மனிதர் என்று ஒருவரும் அந்த உலகத்தில் கிடையாது.

எனக்கு மறக்காதவர்கள் கித்கின்கள். உருண்டை முகமும் கட்டையான உருவமுமாய் இருக்கிற ஊர்ச் சனம். ஒருவர் மனதை மற்றவர் உணர்கிற பிணைப்பு அவர்களுக்கு உண்டு. லோர்வினில் அந்தப் பிணைப்பால் ஊரே கூடி அறுவடை செய்யும். ஷாடோமூரில் அதே பிணைப்பால் ஒருவரின் பயம் எல்லாருக்கும் தொற்றி, படலையை அடைத்து, மதில் மேல் காவல் வைத்து, வெளியில் இருந்து வருகிறவனைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். 2010இல் அந்த இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எங்களுக்குக் கதை தெரியாது. இருந்தும் எது முதல், எது பிறகு என்று சரியாகவே அடுக்கினோம்.

இந்தத் தடவை இரண்டும் ஒரே நேரத்தில். பகலும் அந்தியும் ஒரே உலகத்தில் அருகருகே கிடந்து, எல்லை நகர்ந்துகொண்டிருக்கிறது. அதற்காக இருமுக அட்டைகள் செய்திருக்கிறார்கள். எய்ர்டு என்ற விடியல் தெய்வம் முன்பக்கத்தில். பறக்கும், அடிக்கிற அளவுக்கு உங்களுக்கு உயிர் தரும், உங்கள் ஆட்களின் விலையைக் கட்ட மற்ற ஆட்களையும் கைகொடுக்க வைக்கும். கறுப்பு மனா (மனா என்பது அட்டைக்குக் கட்டுகிற காசு மாதிரி) ஒன்று கட்டினால் அட்டை புரண்டு இசிலு என்ற அந்தித் தெய்வம் ஆகும். அப்போது டோக்கன் (கட்டில் இல்லாமல் வேறு அட்டைகள் உண்டாக்குகிற ஆள்) அல்லாத உங்கள் மற்ற ஆட்கள் எல்லாருக்கும், செத்தாலும் திரும்பி வருகிற பெர்சிஸ்ட் கிடைக்கும். வாசிக்க நல்லாய்த்தான் இருக்கிறது. அச்சடிக்கிறவனுக்கு இது தண்டனை. இரண்டு பக்கமும் அடிக்கும்போது தாள் ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தால் போதும், வெட்டும்போது விடியலின் தலை போய்விடும். நேற்று ஐந்து தாள் பாழ். கறுப்பு உறைக்குள் பின்பக்கத்தைப் பார்க்கவும் முடியாது, ஒவ்வொரு தடவையும் உருவி எடுத்துப் புரட்டவேண்டும். ஆகவே இரண்டு தனி அட்டையாக அடித்து, ஒன்றைக் கட்டுக்கு வெளியே வைத்துக்கொள்வது என்று முடிவு.

சொற்களுக்கு வருகிறேன், எங்கள் ஆறு பேருக்கும் இழுபறி அதிகம் இதில்தான்.

மஜிக் அட்டைகள் பிரெஞ்சு, ஜேர்மன், ஜப்பான், ரஷ்ய மொழி என்று பல மொழிகளில் வந்திருக்கின்றன. 2001இல் அப்பொகலிப்ஸ் என்ற தொகுதியின் முன்வெளியீட்டுக்காக ஃபங்கல் ஷாம்ப்ளர் என்ற ஒரே ஒரு அட்டையைச் சமஸ்கிருதத்தில்கூட அடித்தார்கள். பூஞ்சணம் பிடித்த பிராணிக்குத் தேவபாஷை. தமிழில் ஒன்றும் இல்லை. குறை சொல்ல வரவில்லை, எங்களுக்கு அது வசதி. யாரும் செய்யாததால் பிழை பிடிக்கவும் ஆள் இல்லை.

பாவித்த அட்டையைப் படுக்கையாகத் திருப்புவதற்கு நாங்கள் சொல்வது "சரி". ஊரில் குடத்தைச் சரிக்கிற அதே சரி. "சரிச்சாச்சோ?" "சரி, சரிச்சாச்சு." பக்கத்தில் இருந்து கேட்கிறவர்களுக்கு விசர் பிடிக்கும். பெர்சிஸ்ட் என்றால் செத்தவன் ஒருதடவை திரும்பி வருவான், ஆனால் இரண்டு பலத்திலும் ஒன்று-ஒன்று குறைக்கிற காய் ஒன்றோடு வருவான். இதற்கு விடாக்கண்டன் என்று பல்கலைக்கழகத் தம்பி வைத்த பெயர் முதல் நாளே ஒட்டிவிட்டது. ஈவோக் திரும்பி வருகிறது. குறைந்த விலை கட்டினால் ஆள் வருவான், வந்ததும் செய்கிற வேலையைச் செய்வான், உடனே போய்விடுவான். பழைய லோர்வினில் மல்ட்ரிஃப்டர் என்று ஒன்று, ஐந்து மனா கட்டினால் இரண்டு அட்டை தந்துவிட்டுப் பறந்துகொண்டிருக்கும், மூன்று கட்டினால் இரண்டு அட்டையைத் தந்துவிட்டு மறைந்துவிடும். இதற்கு "வந்துபோ". வெளிநாட்டுச் சொந்தம் என்று வைப்போம் என்று நான் சொன்னேன், மச்சான் வாசிப்பான் என்று விட்டுவிட்டோம். புதிய தொகுதியில் எலெமென்டல் என்ற இனத்து ஆட்கள் ஐந்து பேர் இந்த வகையில் வருகிறார்கள், எந்த நிற மனா கட்டினீர்களோ அதைப் பொறுத்து என்ன வேலை செய்யும் என்பது மாறும். அந்த ஐந்தையும் நான் முதல் தாளிலேயே அடித்துவிட்டேன்.

இந்தத் தொகுதியின் புதிய சொல் பிளைட். பிளைட் இரண்டு என்றால் உங்கள் ஆள் ஒருவன் மேல், எதிரியின் ஆள் மேல் இல்லை, உங்கள் சொந்த ஆள் மேல், இரண்டு குறைப்புக் காய் வைக்கவேண்டும். அதையே ஒரு வேலைக்கு விலையாகக் கேட்கிற அட்டைகளும் உண்டு. அகராதியில் பார்த்தேன், ஒன்றும் வாயில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இணுவிலுக்கு மாமாவிடம் போனேன். அம்மாவின் தம்பி, உருளைக்கிழங்கும் வெங்காயமும் போடுகிறவர். காலை பனி இன்னும் இலையில் இருந்தது. பாத்தி ஓரத்தில் குந்தியிருந்து ஒரு கிழங்கு இலையைத் திருப்பிக் காட்டினார். ஓரம் மண்ணெண்ணெய் பட்ட மாதிரிக் கறுத்து, உள்ளே பச்சை.

"உதுக்கு என்ன பேர் மாமா?"

"கருகல். பனிக்குணம் கூடினா வரும்."

"வந்தா?"

"பட்ட கண்டைப் புடுங்கி எறி. பாவம் பார்த்தியோ, முழுப் பாத்தியும் போயிடும்."

புடுங்கினார். அதே கையோடு பக்கத்தில் பார்வைக்கு நல்லாய் நின்ற இரண்டையும் புடுங்கினார். நான் பார்த்த பார்வையைக் கண்டு, "அதிலையும் நாளைக்கு வரும்" என்றார். அவ்வளவுதான், பிளைட் கருகல் ஆகிவிட்டது. விளையாட்டிலும் இதே கேள்விதான்: எந்தக் கண்டைக் கொடுப்பது?

அதற்குள் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விடாக்கண்டன் சாகும்போது அவன்மேல் குறைப்புக் காய் இருந்தால் திரும்பி வரமாட்டான். கருகல் என்பதோ குறைப்புக் காய் வைப்பது. அப்படியென்றால் இசிலுவோடு கருகலைச் சேர்த்து ஆடுவது சொந்தக் காலில் கோடாலி போடுவது மாதிரித் தெரியும். ஆனால் இசிலு டோக்கன்களுக்கு ஒன்றும் தருவதில்லை. ஆகவே டோக்கன்களைப் பெருக்கி, கருகல் முழுவதையும் அவற்றின் தலையில் கட்டிவிட்டு, நல்ல ஆட்களைக் காய் படாமல் வைத்திருக்கவேண்டும். இன்னொரு வழியும் உண்டு. கூட்டல் காயும் குறைப்புக் காயும் ஒரே ஆள்மேல் விழுந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். நாங்கள் கூட்டலுக்குச் சோகியும் குறைப்புக்குப் புளியங்கொட்டையும் வைக்கிறோம். திரும்பி வந்த விடாக்கண்டன் மேல் ஒரு சோகியை வைத்தால் புளியங்கொட்டை போய்விடும், அவன் மறுபடி சாகத் தயார், மறுபடி வரத் தயார். ஷாடோமூர் காலத்தில் இதை வைத்து முடிவில்லாத சுற்றுகள் கட்டியிருக்கிறார்கள். அந்த நாலு தொகுதிகளிலும் லோர்வின் பக்கத்தில் கூட்டல் காய், ஷாடோமூர் பக்கத்தில் குறைப்புக் காய் என்று பிரித்தே வைத்திருந்தார்கள். இப்போது ஒரே உலகத்தில் இரண்டு பொழுதும் இருக்கும்போது புளியங்கொட்டை எவ்வளவு தேவைப்படும் என்று பார்த்து, அம்மாவிடம் ஒரு சுண்டு கேட்டு வைத்திருக்கிறேன்.

விவிட் என்று இன்னொன்று. உங்கள் பக்கம் மேசையில் எத்தனை நிறம் இருக்கிறதோ அந்த எண்ணைக்கொண்டு வேலை செய்யும், ஐந்துதான் உச்சம். எனக்குப் பெரிதாக ஏறவில்லை. ஐந்து நிறத்துக்கும் மனா தருகிற நில அட்டைகள் வேண்டும், நல்ல இரட்டை நிற நிலங்கள்தான் இந்த விளையாட்டில் விலை கூடினவை. இந்தத் தொகுதியிலும் ஐந்து ஷொக் நிலங்கள் வருகின்றன, இரண்டு உயிர் கொடுத்தால் சரியாமல் நிமிர்ந்தே இறங்குகிறவை. அசலில் ஆளாளுக்கு அடிபடுவார்கள். எங்களுக்கு எல்லா நிலமும் ஒரே ஆர்ட் போட் விலை. அச்சகக்காரனுக்கு ஒரு சந்தோசம்.

பயம் ஒன்று உண்டு. பழைய லோர்வின் காலத்து ஆட்டம் மேசையில் சிக்கலாகி, புதியவர்களைத் திணறடித்தது என்பதை மஜிக்கின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வோட்டரே எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் சாதாரண அட்டைகளை எளிமையாக வைக்கிற கொள்கை வந்தது. எங்கள் ஆறு பேரில் இரண்டு பேர் போன வருடம் சேர்ந்தவர்கள். புரள்கிற அட்டை, தேய்கிற ஆள், திரும்பி வருகிறவன், எல்லாம் ஒரே மேசையில் என்றால் அவர்கள் 304க்கே போய்விடுவார்கள். அப்பாவுக்கு நாலாம் ஆள் எப்போதும் தேவை, வாசலில் காத்திருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2025இல் ஆறு பெரிய தொகுதி வந்தது. அதில் ஃபைனல் ஃபன்ரசி, ஸ்பைடர்மான், அவதார் மூன்றும் வேறு ஆட்களின் கதை. நல்ல அட்டைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைத் தமிழாக்கி, வெட்டி, உறை போட்டு, இரண்டு ஞாயிறு விளையாடுவதற்குள் அடுத்ததன் முன்காட்சி தொடங்கிவிடும். தோசை சட்டியில் இருக்கவே அடுத்த மாவை ஊற்றுகிற மாதிரி. லோர்வின் என்றதும் எனக்கு வந்த ஆறுதலில் பாதி, இது மஜிக்கின் சொந்த ஊர் என்பதால். மற்றப் பாதி அந்தச் சப்பாத்துப் பெட்டி. அது இன்னும் அலுமாரியில் இருக்கிறது, மாரி ஈரத்துக்குப் புதுச் சப்பாத்துகளோடு வருகிற சிலிக்கா பொட்டலங்களை உள்ளே போட்டு வைத்திருக்கிறேன். அப்படியிருந்தும் அதில் இருக்கிற நாலு ஃபொயில் அட்டையும் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டன.

ஒரு சொல் மட்டும் இன்னும் மிச்சம். சேஞ்ச்லிங். அந்த அட்டை எல்லா இனமாகவும் கணக்கெடுக்கப்படும், எல்ஃபுக்கு எல்ஃப், பூதத்துக்குப் பூதம், மரத்துக்கு மரம். ஒவ்வொரு இனமும் தன் இனத்தைப் பார்த்துத்தான் பலம் கூட்டுகிற லோர்வினில் இதைவிடப் பிரயோசனமான ஆள் இல்லை. பல்கலைக்கழகத் தம்பி உருமாறி என்றான். மருந்துக்கடை அண்ணை பச்சோந்தி என்றார். இரண்டும் பிழை, இது மாறுவதில்லை, ஒரே நேரத்தில் எல்லாமாக இருக்கிறது. இரவுச் சாப்பாட்டில் அம்மாவிடம் கேட்டேன். இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே யோசித்தார்.

"பொம்பிளை வீட்டுக் காட்டிலையும் பேர் இருக்கும், மாப்பிள்ளை வீட்டுக் காட்டிலையும் பேர் இருக்கும். அப்பிடி ஒரு ஆள் எல்லாக் கலியாணத்திலையும் நிக்குமே, அவருக்கு நீங்கள் அச்சகத்திலை என்ன சொல்லுவியள்?"

நாங்கள் அவரை "இருவீட்டார்" என்போம். அழைப்பிதழில் "இருவீட்டார் அழைப்பு" என்று எழுத்துக் கோத்துக் கோத்துக் கை பழகிய சொல். இன்று காலை அடித்த தாளில் இருவீட்டார் மூன்று பேர் நிற்கிறார்கள். கத்திக்குப் போகுமுன் முதலாளி அதைக் கையில் எடுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஆருடைய கலியாணம் இது, விலாசம் ஒன்றும் இல்லையே என்று கேட்டார்.